காற்றுப் புகாத குளியலறை

— கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடு தம்பி. பழுதெல்லாம் பாக்க வேணாம். அது எரிஞ்ச வரைக்கும் போதும்.

— என்னங்க இருதயமேரி அம்மா, இப்படிச் சொல்றீங்க? வெந்நி போடுற ஷோஃபோ பத்த மாட்டேங்குது, உடனே வாங்கன்னு ஆளு வந்துச்சே. நெரவிலேர்ந்து எதிர்க்காத்துல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கேன்.

— ஆளனுப்புனது நான்தான் பூமிநாதண்ணே. அத்தைக்குத் தெரியாது.

— பாத்தியா தம்பி, எம் மருமவ காரியத்தை? அடியே சலோமி, புள்ளையைத் தூக்கிக்கிட்டு வாசப்படியில நிக்காதே. மார்கழி வாடை. உள்ள போ.

— போறேன் அத்தை. அண்ணன் ஒரு தடவை பாத்துச் சொல்லட்டும். சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்.

— சாயங்காலம் என்ன தங்கச்சி?

— பத்திரம் எழுதுற நோத்தேர் ஐயா வீட்டுக்கு டிரங்க் கால் வரும். பாரீசுலேர்ந்து எங்க வீட்டுக்காரரு பேசுவாரு. பாஸ்கா பண்டிகை முடிஞ்சு எனக்கும் பாப்பாவுக்கும் டிக்கெட் போடலாமான்னு கேப்பாரு. அத்தை வேணாம்னு சொல்லப்போறாங்க.

— சொல்லத்தான் போறேன். வலிப்புக்காரியை எந்த நம்பிக்கையில ஏத்தி அனுப்புறது?

— வலிப்பா? தங்கச்சிக்கா?

— ரெண்டு தடவை, தம்பி. குளிச்சுக்கிட்டு இருக்கையிலேயே கண்ணு சொருகி அப்படியே சாஞ்சிட்டா. நான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேனோ, தாங்கிப் புடிச்சேன். சேசு மரி சூசையே! தாயில்லாத பொண்ணாச்சேன்னு பேறுகாலம் பாத்ததே நான்தான். இவளுக்கு நான் கெடுதல் நெனப்பேனா? எம் மவன் அற்புதராஜ் காலையில ஃபாக்டரிக்குப் போயிடுவான். அந்நிய ஊர்ல இவ விழுந்தா யாரு புடிப்பா?

— விழுந்தது ரெண்டும் ஷோஃபோ எரிஞ்ச அன்னிக்குதான் அண்ணே. அது கெட்டுப்போனதிலேர்ந்து கொல்லையில வெறகடுப்புல வெந்நி வச்சுக் குளிக்கிறேன். ஒண்ணும் ஆவலையே?

— அந்த நோவு நெனச்சப்பதான் வரும், கேட்டியா. அடுப்பைப் பாத்தா வரும்?

— சரிம்மா, வந்தது வந்துட்டேன், குளியலறைக்குப் போயி பாத்துடுறேன். ஆனா இப்பவே சொல்லிப்புடுறேன். கேஸ் அடுப்பு எத்தனையோ பாத்திருக்கேன், பெட்ரோமாக்ஸ் பாத்திருக்கேன். இந்தச் சாமான் எனக்குப் புதுசு. தப்பு நடந்தாலும் நடக்கும்.

— கேளு, கேளு. வைத்தியனே பயப்படுறான்.

— பயம் இருந்தாத்தாம்மா கை ஒழுங்கா வேலை செய்யும். வரிசையாப் பாப்போம். மொதல்ல தண்ணி, அப்புறம் கேஸு, அப்புறம் காத்து. தங்கச்சி, இதுல தண்ணி எங்க தேங்கி நிக்கும்?

— தேங்கவே தேங்காதண்ணே. இந்தச் சின்ன நெருப்பு எப்பவும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். குழாயைத் திறந்தா குப்புன்னு பெரிய நெருப்பு பத்திக்கும். தண்ணி செப்புக்குழாய்க்குள்ள ஓடுற ஓட்டத்துலயே சுட்டுடும். மூடினா அணைஞ்சிடும். இப்ப சின்ன நெருப்பு மட்டும்தான் நிக்குது.

— எம் மவன் லீவுக்கு வந்தப்ப மடியில வச்சுத் தூக்கியாந்தான் தம்பி. பொண்டாட்டி அடுப்பு ஊதக் கூடாதாம்! என்னை முப்பது வருசம் எவன் கேட்டான்?

— தண்ணி வேகமா வந்து ஒரு ரப்பரைத் தள்ளணும், அது கேஸைத் திறந்து விடணும். அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். இந்த மூடியைக் கழட்டுறேன்... பாருங்க, சல்லடை பூரா மணலு. ரப்பரும் ஓரத்துல கிழிஞ்சிருக்கு.

— புது ரப்பருக்குப் பாரீசுக்குப் போவணுமா?

— என் பழைய சைக்கிள் டியூப் இருக்கும்மா. அதுல வட்டமா வெட்டிப் போட்டுப் பாக்குறேன். இந்தச் செப்புக்குழாய் உள்ளயும் வெள்ளையாப் படிஞ்சு கெடக்கு. உங்க போர் தண்ணி உப்பு. காடி, அதான் வினிகரு, இருக்கா வீட்டுல?

— கிறிஸ்துமஸுக்குக் கறி ஊற வைக்க வாங்கி வச்சிருக்கேன். அதையும் மிஷினுக்கு ஊத்தணுமா? நல்லாருக்கு!

— ஒரு போத்தல் குடுங்க போதும். ஊத்தி ஊற வச்சா படிஞ்சது கரைஞ்சு வரும். அம்மா, என்ன, செவுத்தைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க? நெத்தியில வேற தைலம். உக்காருங்களேன்.

— எனக்கென்ன, வயசாச்சு. உன் வேலையைப் பாரு.

— அத்தை இப்பல்லாம் இப்படித்தான் அண்ணே. போன ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வந்து, தன் ரெட்டவடச் சங்கிலியைக் கழட்டி என் கழுத்துல போட்டுட்டாங்க. வச்சுக்கோன்னாங்க. ஏன்னு கேட்டா அடுப்படிக்குப் போயிட்டாங்க. இன்னொரு பக்கம், நான் ஊருக்குப் போவக் கூடாதாம்.

— போட்டா போட்டுக்க. கேள்வி என்ன கேள்வி? இந்தா தம்பி காடி.

— ஊறட்டும். அதுவரைக்கும் கேஸைப் பாக்குறேன். சோப்பு நுரை தடவிருக்கேன் தங்கச்சி, மூட்டு மூட்டாப் பாரு. எங்கயாவது கொப்புளம் வருதா?

— இங்க இல்ல... வளைவுலயும் இல்ல. எங்கயும் இல்லண்ணே.

— அப்ப கசிவு இல்ல. ரப்பரும் போட்டாச்சு, காடியும் அலசியாச்சு. குழாயைத் திற.

— பத்திக்கிச்சு! அத்தை, பத்திக்கிச்சு! தண்ணி கொதிக்குது பாருங்க!

— இப்ப என்ன சொல்ற சலோமி? கேஸு கசியல, மிஷின் மேல குத்தம் இல்லன்னு ஆச்சு. குத்தம் உன் ஒடம்புலதான். சாயங்காலம் நான் பேசிக்கிறேன்.

— அண்ணே, அப்படித்தானா?

— நான் பாத்தவரைக்கும் மிஷின் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. மனசு கேக்கல, ஆனா வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

— சொல்லாதீங்க. வரிசை இன்னும் முடியல. தண்ணி பாத்தீங்க, கேஸு பாத்தீங்க. மூணாவதா ஒண்ணு சொன்னீங்களே?

— காத்து! ஆமா. காத்து பாக்கல. அம்மா, மேல அந்த ஜன்னல்ல சாக்கு திணிச்சு வச்சிருக்கே, எதுக்கு?

— எதுக்கா? நீ கல்யாணம் ஆனவன்தானே? பச்சை ஒடம்புக்காரிக்குக் காத்து படலாமா? கடக்காத்து ஒரு தடவை எலும்புல பூந்துச்சுன்னா ஆயுசுக்கும் போவாது. சாக்கு மட்டுமில்ல, கதவு சந்துல ஈரத்துணியும் வப்பேன். ஒரு பொட்டு காத்து வராது. நாலு புள்ளை பெத்தப்ப எங்க மாமியாரு எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க.

— அவங்க ஷோஃபோ வச்சிருந்தாங்களா?

— வெந்நியைக் கொல்லையில காய்ச்சி அண்டாவுல கொண்டாந்து வப்பாங்க.

— நெருப்பு வெளியில. ம்... அம்மா, குளிக்கிறப்ப எப்படியோ அப்படியே வைங்க. ஈரத்துணி உள்பட. நான் உள்ள இருக்கேன், குழாய் ஓடட்டும். தங்கச்சி, நீ புள்ளையோட வெளியவே நில்லு. கதவு மேல இருக்கிற கண்ணாடி வழியா நெருப்பை மட்டும் பாத்துக்கிட்டே இரு.

— சாத்தியாச்சு. கேக்குதா?

— கேக்குது. நல்லாத்தான் எரியுது, நீலமா.

— அண்ணே, நுனியைப் பாருங்க. நுனி மஞ்சளாவுது.

— ஆமாமா... ரொம்பத்தான் மஞ்சளாவுது. மேல தகட்டுல கரி அப்புது. இரு, இன்னும் கொஞ்சம்...

— போதும் அண்ணே, வெளிய வாங்க.

— தலை... பொட்டுல யாரோ தட்டுற மாதிரி...

— அத்தை, கதவைத் தள்ளுங்க! துணியை இழுங்க! அந்தக் குழாயை மூடுங்க!

— வா தம்பி, வா, என் தோளைப் புடி. மாதாவே! கொல்லைப்பக்கம் வா. உக்காரு. மூச்சை இழுத்து விடு. சலோமி, தண்ணி கொண்டா!

— ஒண்ணுமில்லம்மா. காத்து பட்டதும் தெளிஞ்சிடுச்சு. எனக்கும் வலிப்புதானாம்மா?

— சிரிக்கிறதுக்கு நேரம் பாரு!

— நெருப்புக்கும் மூச்சு வேணும்மா. காத்து பத்தலன்னா அரைகுறையா எரியும். அப்படி எரியுறப்ப ஒரு விஷக்காத்து வரும்னு அடுப்பு வேலை கத்துக்கிட்டப்ப சொல்லியிருக்காங்க. வாடை இருக்காது, கண்ணுலயும் படாது, ஆளைச் சாச்சிடும். புள்ளையை உள்ள வச்சுக் குளிப்பாட்டாத வரைக்கும் உங்க புண்ணியம்.

— அது கெட்டுப்போன மறுநாள்தான்... மறுநாள்தான் புள்ளையை அதுல குளிப்பாட்டலாம்னு இருந்தேன். சேசுவே.

— அழாதீங்க அத்தை. அதான் ஆவலையே.

— சாக்கைப் புடுங்கி எறி தம்பி. ஆனா வாடைக் காத்துக்கு என்ன செய்ய? பச்சை ஒடம்பாச்சே.

— எறிய வேணாம்மா. ஷோஃபோவைக் கழட்டிக் கொல்லைச் செவுத்துல வெளிப்பக்கமா மாட்டிடுறேன். வெந்நி மட்டும் குழாய்ல உள்ள வரும். கடக்காத்துல அணையாம இருக்க மேலயும் பக்கத்துலயும் தகரம் அடிச்சிடலாம், அடியில திறந்து விட்டு. நெருப்பு வெளியில, நீங்க உள்ள. அப்புறம் ஒரு சாக்கு என்ன, ஒம்பது சாக்கு அடைச்சுக்குங்க.

— எங்க மாமியாரு செஞ்ச மாதிரியே.

— அதே மாதிரிதாம்மா. வருசத்துக்கு ஒரு தடவை காடி ஊத்துங்க, அப்பப்ப சல்லடையைக் கழுவுங்க. நெருப்பு மஞ்சளாத் தெரிஞ்சா உடனே மூடிப்புட்டு எனக்கு ஆளனுப்புங்க.

— அப்ப இவ ஒடம்புல ஒண்ணும் இல்ல?

— என்னை மாதிரிதான் தங்கச்சியும். டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, நான் மெக்கானிக்குதான்.

— அத்தை, சாயங்காலம் அவருகிட்ட என்ன சொல்லப்போறீங்க?

— நீயே பேசு. டிக்கெட் போடச் சொல்லு.

— நெசமாவா? ஆனா ஒண்ணு புரியல அத்தை. ரெண்டு தடவையும் நீங்களும் உள்ளதானே நின்னீங்க? நான் விழுந்தேன், அண்ணனுக்கே தலை சுத்திடுச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆவல?

— ஆவலன்னு யாருடி சொன்னா? உன்னைக் கட்டில்ல படுக்க வச்சுட்டு, கொல்லையில போயி நானும் விழுந்து கெடந்தேன். உங்க மாமாவும் முன்ன ஒரு நாள் அப்படித்தான் விழுந்தாரு, எந்திரிக்கவே இல்ல. எனக்கும் நாள் வந்துடுச்சு, கண்ணை மூடுறப்ப பக்கத்துல நீ இருக்கணும்னுதான் உனக்கு வலிப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.