சிவப்பு சாயம் நெறைஞ்சிருக்கு

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, மலையடிவாரத்தில் தற்காலிகக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த வாரம் அது. பிரிப்பதில் எப்போதும் சுணக்கம்தான், அது வேறு கதை. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். லுங்கி கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற பெண் ஒருத்தி, அங்கேயே சாயம் போடுகிற அவள் அக்கா புருஷன்.

"செவப்பு சாயம் நெறைஞ்சிருக்குன்னு காலையில சொன்னியே பாவா, போய்ப் பாத்தா டப்பாவுல ஒண்ணுமே இல்ல!"

"ஆமா, தீந்துபோச்சி. அதான் நெறைஞ்சிருக்குன்னேன். காலங்காத்தால இல்லன்னு வாயால சொல்லலாமா? அரிசி தீந்தா உங்க அக்காவும் அப்டித்தான சொல்றா."

"அது வூட்ல! மொதலாளி புள்ள புது மொறைன்னு தெனம் காலையில எல்லாரையும் நிக்க வெச்சி கூட்டம் போட்டு, வேலையில என்ன தடைன்னு எதுக்குக் கேக்குறாரு?"

"நல்லா கேட்டாரு! வேலய ஆரம்பிக்கிறப்ப சொல்ற வார்த்தையா அது, தடைன்னு?"

"உன் பேச்ச நம்பி வெள்ளிக்கெழம சரக்கு போயிடும்னு பார்ட்டிக்குச் சொல்லிட்டேன். என் வேலைக்கே ஒல வெச்சிட்ட பாவா. நாளைக்கி கூட்டத்துல நீயே சொல்லு, சாயம் இல்லன்னு."

"ஆங், உனக்காகச் சொல்ல மாட்டனா? கண்டிப்பா சொல்றேம்மா. மத்தியானத்துக்கு மேல சொல்றேன்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவள் வேலை என்ன ஆனதோ, எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனியில் உங்களுக்கு யாரையாவது தெரிந்தால், கூட்டத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைக்கச் சொல்லுங்கள்.