சின்ன அறைக்கு ஏற்ற ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பொதுவாக ஒரு தப்பு செய்வார்கள், சார். கடையில் கேட்டு மயங்கி, அதையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடையின் கூடம் பெரியது, நம் அறை சிறியது என்பது அப்போது மண்டையில் ஏறாது. நானும் இரண்டு முறை ஏமாந்தேன். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பித்தது.

என் ஆம்ப்ளிஃபையர் வால்வு வைத்த ரகம். கண்ணாடிக் குழாய்கள் சூடேறிச் செக்கச்செவேலென்று நிற்கும். பாடுகிறவர் நம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனால் சக்தி ரொம்பக் குறைவு. அதை வாங்கி வந்த அன்று அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏன்டா, இது பாட்டுக் கேக்கவா, குளிர் காயவா?" என்றார். அப்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடப்பார்.

அண்ணன் ஒரு பட்டறையில் வண்டிகளுக்கு பெயிண்ட் அடித்தவர். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையிலேயே காலத்தைத் தள்ளினார். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நான் படித்துக் காது பரிசோதிக்கும் வேலைக்கு வந்தேன், அவருக்கு நுரையீரல் போயிற்று. எனக்கு நன்றி கிடையாது என்று எழுதிவிடாதீர்கள். நன்றி நிறையவே இருந்தது. கூடவே சலிப்பும் இருந்தது.

அவர் கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் இரவு பகலாக ஓடியது. ஓயாமல் ஒரு உறுமல், நடுநடுவே ஒரு 'டப்'. அவர் அறையின் ப்ளக் பாயிண்ட் கருகிப்போனதால், பக்கத்தில் இருந்த என் சின்ன அறையிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தேன். அதனால் மெஷினின் சுவிட்ச் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

என் வேலையையும் சொல்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, "சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் கையைத் தூக்குங்க, சந்தேகமா இருந்தாலும் தூக்குங்க" என்று பகல் முழுக்கச் சொல்கிற வேலை. சிலர் கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் அந்த உறுமல்.

முதலில் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி சோம்பேறி. என் ஆம்ப்ளிஃபையரின் குமிழைக் கடைசிவரை திருகினாலும் போர்வைக்குள்ளிருந்து முனகும். அடுத்தது குழல் வைத்த பெரிய ஜோடி. அதற்கு அந்த அறை போதவில்லை, காதுக்குள் வாயை வைத்துக் கத்துவதுபோல் இருந்தது. மூன்றாவதுதான் பொருந்தியது. மரப்பெட்டிக்கு ஒரே ஒரு காகிதக் கூம்பு. ஊதினால் அதிரும், அவ்வளவு மென்மை. பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அன்று நான் அழுதுவிட்டேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படிப்பட்ட ஸ்பீக்கர் நல்லது கெட்டது பார்க்காது. எல்லாவற்றையும் கேட்க வைக்கும். ஒரே மின்சார லைன் என்பதால் மெஷினின் 'டப்' பாட்டுக்குள்ளேயே வந்து விழுந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வழி சொன்னது அண்ணன்தான். "ஒரு பாட்டுக்குத்தானேடா? அணைச்சுக்க. மூச்சு முட்டுனா செவத்துல தட்டுறேன், போட்டுடு." நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவசரத்துக்கென்று கையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தது. மெஷினை அணைக்கும்போது மூக்குக் குழாயைச் சிலிண்டரில் மாட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், என் மனைவி தையல் கம்பெனிக்கு ஓவர்டைம் போயிருக்கும்போது, இது வழக்கமாயிற்று.

சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்? காலியானது. கொண்டுபோய் நிரப்ப வேண்டும், படி இறக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு அலுப்பு. "சிலிண்டர் ஃபுல்லா இருக்குல்ல?" என்று மனைவி கேட்டபோது இருக்கிறது என்றேன். அதன் பிறகு அண்ணன் வெறும் காற்றில்தான் சமாளித்தார். பாட்டின் நல்ல இடமாகப் பார்த்துத் தட்டுவார். நான் எழுந்து சுவிட்சைப் போடுவேன். "கெடுத்துட்டேனாடா?" என்பார். "இல்லண்ணே" என்பேன். ஒவ்வொரு வாரமும் இதே கதை.

அந்த ஞாயிறு புதிதாக ஒரு ரெக்கார்டு வாங்கியிருந்தேன். "ஒரு பக்கம் முழுசாக் கேட்டுக்கட்டுமாண்ணே?" என்று வாசலில் நின்று கேட்டேன். அவரால் பேச முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதுதான் நான் கடைசியாக அவரிடம் பேசியது. பக்கம் முடிந்து முள் தூக்கிக்கொண்டதும் சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஒழுங்காக ஓடியது. டாக்டர் வந்து, எதிர்பார்த்ததுதான் என்றார்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் மனைவி. காரியமெல்லாம் முடிந்து வீட்டை ஒழிக்கும்போது சிலிண்டரைத் திறந்து பார்த்திருக்கிறாள், காலி. அன்றிலிருந்து, "உங்க அண்ணனை நான்தாங்க கொன்னுட்டேன். உங்க பேச்சை நம்பாம நானே பாத்திருக்கணும்" என்று சாப்பிடாமல் கிடக்கிறாள். அவள் மேல் தப்பில்லை. வேண்டுமானால் ஸ்பீக்கரைச் சொல்லலாம். சோம்பேறி ஜோடியையே வைத்துக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

"பாட்டுச் சத்தத்துல தட்டினது கேக்கலைன்னு எழுதிக்கவா?" என்று கேட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அந்த ஆம்ப்ளிஃபையரில் சுவரைத் தாண்டிய சத்தம் கேட்காத அளவுக்குப் பாட்டு வைக்கவே முடியாது. முதலில் தட்டியது கேட்டது. பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் கேட்டது. அப்புறம் தட்டவில்லை, நகத்தால் சுவரைப் பிறாண்டினார். அதுவும் கேட்டது. சுவிட்ச் கைக்கு எட்டும் தூரம். நான் கையைத் தூக்கவில்லை.

அப்படி விட முடியாத பாட்டு என்னய்யா அது என்று கேட்கிறீர்கள். அதைத்தான் வீட்டிலிருந்து நடந்து வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். புது ரெக்கார்டு, ஆசையாக வாங்கியது. ஆனால் அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை, சார். அந்தப் பக்கம் முழுவதும் நான் சுவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், எப்போது நிற்கும் என்று.