அரியர் அக்கா திருப்பிக் கொடுத்த தேர்ச்சி

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, அவர்தம் இரு மகள்களே, மாலைக் கல்லூரி மாணவத் தோழர்களே! நான் இக்கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். இரண்டு காரியங்களுக்காக உங்கள் முன் நிற்கிறேன். ஒன்று, நம் அரியர் அக்காவுக்கு அஞ்சலி செலுத்துவது. மற்றொன்று, அவருக்குக் கருணை மதிப்பெண் அளித்துத் தேர்ச்சி வழங்க வேண்டும் என்று சற்றுமுன் முன்மொழியப்பட்ட தீர்மானத்தை எதிர்ப்பது.

முணுமுணுப்பு கேட்கிறது. சொல்லி முடிக்கும்வரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

அக்காவுக்குப் பகலில் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மாலையில் இங்கே படிப்பு. அவருடைய பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் குறுக்கே நின்றது, தேறாமல் அரியராகத் தங்கிவிட்ட ஒரே ஒரு தாள். பொறியியல் கணிதம், மூன்றாம் தாள்! அதில் தோற்றவர்களையெல்லாம் ஒன்பதாம் அறையில் கூட்டி உட்காரவைத்தார். அந்த அறைக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே: தெரியாதவர்தான் பலகைக்குப் போக வேண்டும், தெரிந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் அவ்வழியே சென்றபோது என் காதில் விழுந்தது இது:

"அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியலக்கா."

"அப்ப நீதான் வரணும். சாக்பீஸைப் பிடி."

"புரிஞ்சவங்களைக் கூப்பிடுங்கக்கா!"

"புரிஞ்சவன் எழுதினா நமக்கு அவன் கையெழுத்துதான் தெரியும். எங்க தப்பு பண்றோம்னு தெரியாது. வா, பலகை ஒண்ணும் கடிக்காது!"

அந்த அறையிலிருந்து தேறிப் போனவர்கள் எத்தனை பேர்! இன்று இந்த அரங்கின் பாதி நாற்காலிகளில் அவர்கள்தாமே அமர்ந்திருக்கிறார்கள்? அக்கா மட்டும் தேறவில்லை.

தேறவே இல்லையா? ஒருமுறை தேறினார். சென்ற ஆண்டு, எல்லைக்கோட்டில். மறுநாளே விடைத்தாளின் நகலுடன் என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"சார், இந்த இன்டக்ரேஷன்ல மேல ஒரு மைனஸை விட்டுட்டேன். கீழ இன்னொரு மைனஸையும் விட்டிருக்கேன். தப்பும் தப்பும் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. விடை சரி, கணக்கு தப்பு. முழு மார்க்கும் போட்டிருக்காங்க."

"குறைத்தால் தேர்ச்சி போய்விடும், அம்மா."

"தெரியும் சார். எங்க லேப்ல இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா, அந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?"

மறுமதிப்பீட்டுக்கு அனுப்பினேன். மதிப்பெண் குறைந்து வந்தது. தோல்வி என்று கையொப்பமிட்டவன் நானே.

இந்த முறை காய்ச்சலோடு வந்து எழுதினார். வெறும் சளி என்று எல்லோரிடமும் சொன்னார். நுரையீரல் முழுவதும் தொற்று பரவியிருந்தது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. மருத்துவமனை நடைகூடத்தில் அவர் கணவர் என்னிடம் கேட்டார்: "போன வருசமே வாயை மூடிட்டு இருந்திருந்தா, இப்ப இந்தப் பரீட்சைக்கே வந்திருக்க மாட்டாளே சார்?" ஐயா, அந்தக் கேள்வியோடுதான் இன்று இங்கே நிற்கிறேன்.

அவர் மறைந்த பிறகு முடிவு வந்தது. மூன்று மதிப்பெண் குறைவு. மூன்றே மூன்று! போட்டுவிட்டால் என்ன என்கிறீர்கள். விதியில் இடமில்லை என்பது என் முதல் மறுப்பு. அது மட்டும் போதாது என்பதை நானும் அறிவேன். ஆனால், தமக்குரியதல்ல என்று உயிரோடிருந்தபோது திருப்பிக் கொடுத்ததை, திருப்பிக் கொடுக்க முடியாத நிலையில் அவர்மீது சுமத்துவது அஞ்சலியா? அவர் இங்கே இருந்தால், அந்தச் சான்றிதழோடு நாளைக் காலை என் மேசைக்கு முன்னால் நிற்கமாட்டாரா?

மகள்களே! உங்கள் அம்மா தேறவில்லை. யாரேனும் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். கைக்கு வந்த தேர்ச்சியைத் திருப்பிக் கொடுத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் மறுதேர்வு. அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஒன்பதாம் அறை பூட்டியே கிடக்கிறது. அதன் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. இக்கூட்டம் கலைந்ததும் அதைத் திறக்கப் போகிறேன். அந்தத் தாளை எழுத வேண்டிய அனைவரும் என்னோடு வாருங்கள். கணிதப் பேராசிரியர்களும் வந்து பெஞ்சில் அமருங்கள். அந்த இரண்டு மைனஸ்களையும் அக்கா விரல் வைத்துக் காட்டியபோது நான் தலையாட்டினேனே தவிர, எனக்கு எதுவும் புரியவில்லை. ஆகவே, அவருடைய சட்டத்தின்படி, முதலில் பலகைக்குப் போகிறவன் நான்.