ஸ்டெப்னியின் நாற்காலி

முப்பத்தோரு வருஷத்தில் பேண்டு அறைச் சாவியை நான் ஒருமுறைகூடத் தொலைத்ததில்லை. விழா மலரில் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது போட வேண்டுமென்றால், தலைமையாசிரியை மேடம், அதைப் போடுங்கள். வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிவு உபசாரம். என் இசைப் பயணத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பகலில் இந்தப் பள்ளியின் பேண்டு மாஸ்டர், மாலையில் நகர இசைக்குழுவில் டிரம்பெட். இதுதான் என் பிழைப்பு. டிரம்பெட்காரனுக்கு விரலைவிட உதடுதான் சொத்து. ஊதுவாயை உதட்டில் வைத்து அழுத்தினால் உச்ச ஸ்வரம் சீக்கிரம் வரும், ஆனால் தசை கந்தலாகிவிடும். அதனால்தான் பேண்டு அறைச் சுவரில் என் கையாலேயே எழுதி வைத்தேன்: 'உதடு வலித்தால் வாத்தியத்தைக் கீழே வை.' பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உதட்டைப் பார்ப்பேன். ஊதுவாய் பதிந்த சிவப்பு வளையம் அரைமணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் இரண்டு நாள் டிரம் பக்கம் தள்ளிவிடுவேன். அழுதாலும் மசிய மாட்டேன். இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையின் உதடும் என் கையில் கெட்டதில்லை.

இசைக்குழுவில் முதலில் நான் இரண்டாவது டிரம்பெட், பட்டப்பெயர் ஸ்டெப்னி. முதல் டிரம்பெட்காரருக்குக் காய்ச்சல் என்றால் என்னை மாட்டுவார்கள். அவர் தேறி வந்ததும் கழற்றிப் போடுவார்கள். பத்தொன்பது வருஷம் சிரித்துக்கொண்டே உருண்டேன். அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நினைத்ததில் என்ன தப்பு? இசைக்குழு இயக்குநர் தேர்வு வைத்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், பெயர் கிடையாது, எண் மட்டும்தான். என் விண்ணப்பத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "உங்க பொண்ணு வருதாமே சார், அப்புறம் நீங்க எதுக்கு?" என்றார்.

என் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஏழு வயதிலிருந்து நான்தான் கற்றுக் கொடுத்தேன். என்னைவிட நன்றாக வாசித்தாள், அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்று மாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்தத் தடவை நீங்க வராம இருந்துடுங்களேன். தோத்துட்டா உங்களுக்கு மனசு தாங்காது."

பாசமாகத்தான் சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நான் வளர்த்த பிள்ளை என் மேல் இரக்கப்பட்டாள். சரிம்மா என்றேன். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கவில்லை.

தேர்வுக்கு வாசிக்க வேண்டிய இசையின் கடைசியில் ஓர் உச்ச ஸ்வரம் உண்டு. அவளுக்கு அது மெலிந்து வந்தது. வயிற்றிலிருந்து மூச்சைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் சரியாகிற விஷயம். என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டாள். அழுத்து என்றேன். சுவரில் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டதற்கு, அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, மேடைக்காரர்களுக்குக் கிடையாது என்றேன். நம்பினாள். நாலே நாளில் ஸ்வரம் கணீரென்று வந்தது, என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் உதடு வீங்கியது. மறுநாள் காலை காபி குடிக்கும்போதும் அந்த வளையம் அப்படியே இருந்தது. தினமும் பார்த்தேன். பார்க்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்ற மனைவியை, தொழில் தெரியாமல் பேசாதே என்று வாயடைத்தேன். வேலியே பயிரை மேய்கிறது என்பார்கள். வேலிக்கும் பசிக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

மகள் ஒரே ஒரு முறை கேட்டாள். "வலிக்குதுப்பா. ரெண்டு நாள் நிறுத்திக்கட்டுமா?"

"வலியைத் தாங்கினாத்தாம்மா உச்சம் நிக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்து."

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, பக்கத்து அறையில் அந்த ஸ்வரம் துணி கிழிவதுபோல் பாதியில் நின்றது. நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனேன். தசை அறுந்துவிட்டது, தைக்கலாம், ஆனால் இனி ஊத முடியாது என்றார் டாக்டர். மகள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அளவு தெரியாமல் அழுத்திவிட்டாளாம், என் உழைப்பையெல்லாம் வீணாக்கிவிட்டாளாம். பரவாயில்லை என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். நீங்களாவது போங்கள் அப்பா என்று அவளே கெஞ்சினாள்.

தேர்வில் நான் ஏழாம் எண். ஜெயித்தேன். பன்னிரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளுக்கு இங்கேயே உதவி ஆசிரியை வேலை வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகளின் உதட்டைப் பார்ப்பது இப்போது அவள்தான். 'அப்பா' என்று கூப்பிடும்போது அவளுடைய மேலுதடு ஒரு பக்கமாக இழுக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இதையெல்லாம் எழுதும் உத்தேசமே எனக்கு இல்லை. நேற்று மலரின் அச்சுப்படியைக் காட்டினீர்கள். அதில் அவள் எழுதியிருக்கிறாள்: 'என் கனவு உடைந்தபோது, எனக்காகத்தான் அப்பா அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.' நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு வருஷம் முதல் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நான் ஸ்டெப்னிதான். அவளுக்குப் பதிலாக மாட்டிய டயர்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் மேடம். அச்சுக்குப் போகும் முன் இந்தப் பக்கத்துக்கும் அவள்தான் பிழை பார்ப்பாள் என்று தெரியும். பார்க்கட்டும். அவள் உதட்டைக் கெடுத்தது நான்தான், தெரிந்தே கெடுத்தேன். அதை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாற்காலி யாருக்காகவும் வாங்கியதில்லை, என் சொந்தத் திறமையில் வாங்கியது. அன்று அவள் வந்து வாசித்திருந்தாலும் நான்தான் ஜெயித்திருப்பேன்.