நட்டைத் தளர்த்தியது நான்தான்

கோதண்டம் என்பவர் 13.06.2006 அன்று பட்டறையில் இறந்தது சம்பந்தமாக, அந்தோணிசாமி என்பவர் தாமாக முன்வந்து, 05.07.2006 புதன்கிழமை காலை 11.15 மணிக்குக் குற்றவியல் நடுவர் முன்பு சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யப்பட்டது.

என் பெயர் அந்தோணிசாமி. வயது 47. காலஞ்சென்ற சவரிமுத்துவின் மகன். தாம்பரம் இரும்புலியூரில் வாடகை வீட்டில் என் மனைவி ரோஸியுடனும் இரண்டு பெண்களுடனும் குடியிருக்கிறேன். லேத்தில் இரும்பு கடையும் டர்னராக வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பயன்படும் என்றும் நடுவர் அவர்கள் திங்கட்கிழமையே எடுத்துச் சொல்லி, யோசித்துவிட்டு வரும்படி அனுப்பினார்கள். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவும் இல்லை.

முடிச்சூர் சாலையில் சத்தியநாதன் என்பவருக்குச் சொந்தமான கனரக இயந்திரப் பழுதுபார்ப்புப் பட்டறையில் நான் பதினோரு வருடமாக வேலை செய்து வருகிறேன். கல் உடைக்கும் கிரஷர், ரப்பர் ஆலை, அரவை ஆலை ஆகியவற்றில் தேய்ந்துபோகும் ஷாஃப்ட் என்னும் பெரிய இரும்புத் தண்டுகளையும் உருளைகளையும் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி அளவுக்குக் கடைந்து கொடுப்பது எங்கள் வேலை. அதற்கென்று அங்கே பதினாறு அடி நீளத்தில் லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு டன், ஒன்றரை டன் எடையுள்ள உருப்படிகள் அதில் ஏறும் என்பதால் ஒரே ஆளால் ஓட்ட முடியாது. கோதண்டமும் நானும் சேர்ந்துதான் ஓட்டினோம். அவருக்கு வயது 52. என்னை விடப் பெரியவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கீழ்க்கட்டளையிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வருவார். அவர் மனைவி பொன்னி அங்கே மார்க்கெட்டில் மீன் விற்கிறார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு பையில் சங்கராவோ மத்தியோ கொண்டு வருவார்.

மேற்படி லேத்தில் ஷாஃப்டின் ஒரு முனையைச் சக் என்னும் தாடை பிடித்துச் சுற்றும். மறுமுனையை டெயில்ஸ்டாக் என்னும் பகுதியின் கூர்முனை தாங்கி நிற்கும். அந்த டெயில்ஸ்டாக்கை லேத்தோடு இறுக்கி வைத்திருப்பவை பின்பக்கம் உள்ள இரண்டு பெரிய நட்டுகள். கடையும் சூட்டில் ஷாஃப்ட் நீளும், நீண்டால் கூர்முனை இறுகிப் புகையும். அப்போது லேத்தை நிறுத்தி, அந்த நட்டுகளைத் தளர்த்தி, டெயில்ஸ்டாக்கை மயிரிழை பின்னால் விட்டு, மறுபடி இறுக்கவேண்டும். தளர்த்துகிறவன் உரக்க “லூஸ்” என்று சொல்லவேண்டும், இன்னொருவன் “சரி” என்று சொல்லவேண்டும். இதை யாரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

கடந்த பிப்ரவரி மாதம் ஒரு ரப்பர் ஆலை உருளையில் பேரிங் உட்காரும் இடத்தை நான் கடைந்தபோது அளவு குறைந்துவிட்டது. பேரிங் அதில் நிற்காமல் ஆடியது. உருப்படி ஆலையிலிருந்து திரும்பி வந்தது. சத்தியநாதன் சார் கோதண்டத்தைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, யார் கடைந்தது என்று கேட்டார். நான் பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். “அந்தோணிதான் சார் கடைஞ்சான்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் இல்லாமல் வெளியே வந்துவிட்டேன். அன்று மாலை அவர் என் தோளில் கை வைத்தபோது நான் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. அதன் பிறகு இரண்டு சனிக்கிழமை அவர் மீன் கொண்டு வந்தார். இரண்டு தடவையும் பையை அவர் வண்டியிலேயே திருப்பி மாட்டிவிட்டேன். மூன்றாவது சனிக்கிழமை அவர் கொண்டு வரவில்லை.

பேசாமல் அந்த லேத்தை ஓட்ட முடியாது. எனவே பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளும் தபீதாள் அக்காவிடம் நான் சொல்வேன், அவர் போய்க் கோதண்டத்திடம் சொல்வார். நட்டைத் தளர்த்தினாலும் அப்படித்தான். ஒரு நாள் தபீதாள் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு, “ரெண்டு பேரும் ஆறடியில நின்னுகினு கீறீங்க, நடுவுல நான் இன்னா தபால்காரியா? வாயத் தொறந்து பேசினா இன்னா கொறஞ்சா பூடும்?” என்று கத்தினார். கோதண்டம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இப்படி நான்கு மாதம் ஓடியது.

13.06.2006 செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிரஷரிலிருந்து வந்த ஒன்பது அடி ஷாஃப்ட் ஒன்றைச் செயின் பிளாக்கால் தூக்கி லேத்தில் ஏற்றினோம். எடை ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். டெயில்ஸ்டாக் பக்க முனையில் வெல்டிங் வைத்திருந்த இடத்தைக் கடைய வேண்டியிருந்தது. பத்தரை மணி வரை நான் கடைந்தேன். கூர்முனை புகைய ஆரம்பித்ததால் லேத்தை நிறுத்தி, பின்பக்கம் போய், ஸ்பேனரால் இரண்டு நட்டுகளையும் தளர்த்தினேன். அப்போது கோதண்டம் கைகழுவப் போயிருந்தார். தளர்த்தி முடித்த நேரத்தில் சத்தியநாதன் சார் வாசலிலிருந்து, வேறொரு உருப்படியோடு லாரி வந்திருப்பதாகவும் அளவெடுக்க வரும்படியும் என்னைக் கூப்பிட்டார். நான் ஸ்பேனரைப் பேண்ட் பையில் சொருகிக்கொண்டு நடந்தேன். எதிரே கோதண்டம் ஈரக்கையைத் துணியில் துடைத்தபடி லேத்தை நோக்கி வந்தார். எனக்கும் அவருக்கும் இடையே ஒரு கை தூரம்தான் இருந்தது. சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நான் தபீதாள் அக்காவைத் தேடினேன். அவர் டீ வாங்கப் போயிருந்தார். சரி, அளவெடுத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று எண்ணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைக் கடந்து போனேன். அவசரத்தில் அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

லாரி அருகே இரண்டு நிமிடம் பத்து நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே லேத் ஓடும் சத்தம் கேட்டது. நான் டேப்பைக் கீழே போட்டுவிட்டுத் திரும்புவதற்குள், வெல்டிங் மேட்டில் கடையும் உளியான டூல் தட்டும் சத்தம் மாறி, அதன் பிறகு ஒரே ஒரு பெரிய சத்தம் வந்தது. ஓடிப் பார்த்தபோது டெயில்ஸ்டாக் பின்னால் நழுவியிருந்தது. கூர்முனையை விட்டு வெளியே வந்த ஷாஃப்ட் துள்ளி, டூல் அருகே நின்றிருந்த கோதண்டத்தின் மார்பில் அடித்து, அவரைச் சுவரோரம் தள்ளியிருந்தது. சக்கில் சிக்கிய மறுமுனை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் லேத்தை நிறுத்தினேன். டீத் தூக்கோடு வந்த தபீதாள் அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோவில் அவர் தலையை என் மடியில் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ரயில்வே கேட் அருகே ஆட்டோ நின்றபோது அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “டேய் அந்தோணி, லேத்த நிறுத்தினியா?” என்று கேட்டார். “நிறுத்திட்டேண்ணா” என்று சொன்னேன். நான்கு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மருத்துவமனையில் இறக்கும்போது உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

அதன் பிறகு, அங்கே பெஞ்சில் உட்காரும்போது தொடையில் குத்தியதால் கையை விட்டுப் பார்த்தேன். ஸ்பேனர் என் பையிலேயே இருந்தது. பட்டறையில் லேத்தைப் பார்த்துவிட்டு வந்த சார் என்னிடம், “நட்டு ரெண்டும் லூஸா இருக்கேப்பா, யாரு லூஸ் பண்ணது?” என்று கேட்டார். நான், “டைட் பண்ணிட்டுத்தான் சார் வந்தேன், அண்ணன்தான் மறுபடி லூஸ் பண்ணியிருப்பாரு” என்று சொன்னேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, என் வாயிலிருந்தே வந்தது. போலீஸ் வருவதற்கு முன்பு நான் பட்டறைக்குத் திரும்பிப் போய், கோதண்டத்தின் டூல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடியும் குன்றத்தூர் கோயில் விபூதிப் பொட்டலமும் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு ஸ்பேனரை அங்கே வைத்து மூடினேன். மறுநாள் போலீசிலும் சாரிடம் சொன்னதையே சொன்னேன். இறந்தவரின் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த வாரம் வேலைக்குப் போனபோது தபீதாள் அக்கா என்னிடம், “அவரு நட்ட லூஸ் பண்ணி வுட்டத யாருமே பாக்கலியே. நான் டீக்குப் போவாம இருந்திருந்தா பாத்து சொல்லியிருப்பேன். பாவி நான்தான்” என்று அழுதார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

28.06.2006 அன்று கீழ்க்கட்டளையில் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. பந்தலில் சாப்பிட்டு எழுந்து கைகழுவப் போனபோது சத்தியநாதன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உனக்குத் தெரியாது அந்தோணி. பிப்ரவரியில உன்னை வேலையை விட்டு நிறுத்தறதாத்தான் இருந்தேன். கோதண்டம்தான் விடலை. ‘அவன் கடைஞ்சான் சார், ஆனா அளந்து பாக்காம வுட்டது நானு, அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் சேத்து அனுப்புங்க’ன்னு சொல்லிட்டான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னான், நீ சங்கடப்படுவேன்னு” என்றார். நான் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் இதைக் கேட்டிருப்பேன். கையைக் கழுவாமலேயே பஸ் ஏறினேன். அன்று இரவு ரோஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடிந்ததும் அவள், “மொதல்ல பொன்னியக்காகிட்ட போய் சொல்லுங்க, நானும் வர்றேன்” என்றாள். இருந்தும் எனக்குத் தைரியம் வர மூன்று நாள் ஆயிற்று.

02.07.2006 ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் கீழ்க்கட்டளைக்குப் போனோம். பொன்னியக்கா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொன்னார். நான் உட்காராமல் நின்றபடியே, நட்டைத் தளர்த்தியது, சொல்லாமல் போனது, ஸ்பேனரை வைத்தது ஆகிய எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூடையைக் கவிழ்த்து வைத்தார். “கவனமில்லாம செத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்யா. தெனமும் படத்தாண்ட நின்னுகினு அந்த மனுசன திட்டினேன். ஒரு நட்டப் பாக்கத் துப்பில்ல, என்ன இப்டி வுட்டுட்டுப் பூட்டியேன்னு திட்டினேன்” என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. “எங்கிட்ட அழுவாத. எங்க எழுதிக் குடுத்தியோ அங்க போய் சொல்லு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை இந்த நீதிமன்றத்துக்கு வந்து மனு கொடுத்தேன்.

கோதண்டத்தின் மீது எந்தக் கவனக்குறைவும் இல்லை. நான் லேத்தை விட்டுப் போனால் நட்டை இறுக்கிவிட்டுத்தான் போயிருப்பேன் என்று நம்பி அவர் ஓட்டினார். பதினோரு வருடமும் அப்படித்தான் ஓட்டினார். தபீதாள் அக்காவுக்கும் சத்தியநாதன் சாருக்கும் நான் செய்தது எதுவும் தெரியாது. 14.06.2006 அன்று போலீசில் நான் கொடுத்தது பொய்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் நான் கோதண்டத்தைக் கடந்து போன இடத்தில், “அவசரத்தில் அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்” என்று நானே சொன்னபடி இருக்கிறது. அதை அடித்துவிட்டு மாற்றி எழுதும்படி கேட்டேன். என்னவென்று மாற்ற வேண்டும் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை, நட்டு தளர்ந்திருப்பது நினைவில் இருந்தது, அவரோடு நான் முதலில் பேசக்கூடாது என்பதற்காகவே சொல்லவில்லை என்று எழுதச் சொன்னேன். பழைய வரியை அடித்து, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வாங்கினார்கள்.

இப்போது இதில் உள்ளது எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. படிக்கக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ச. அந்தோணிசாமி
05.07.2006