ஆறாவது சீட்டு

ஐலீன்: ...கதவை இப்படி ஓங்கிச் சாத்தணுமா? கார் என்ன பாவம் பண்ணுச்சு?

நார்மன்: வண்டியை எடு.

ஐலீன்: முதல்ல சொல்லு. தோத்துட்டியா?

நார்மன்: ஜெயிச்சுட்டேன்.

ஐலீன்: ஜெயிச்ச மூஞ்சியா இது? காலையில ஒன்பது மணியில இருந்து ஓட்டு எண்ணுற ஹால் வாசல்லயே உக்காந்திருக்கேன். வர்றவன் போறவன் எல்லாம் எழவு வீட்டுக் காரைப் பாக்குற மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போறான். எத்தனை ஓட்டுல ஜெயிச்ச?

நார்மன்: ஓட்டுல இல்ல.

ஐலீன்: அப்புறம்?

நார்மன்: குலுக்கல்ல.

ஐலீன்: என்னது!

நார்மன்: எனக்கு ஐந்நூத்தி எண்பத்தி ஏழு. ஜெம்மாவுக்கும் ஐந்நூத்தி எண்பத்தி ஏழு. மூணு தடவை எண்ணினாங்க. மூணு தடவையும் அதேதான். கடைசியில தேர்தல் அதிகாரி எங்க ரெண்டு பேர் பேரையும் துண்டுத் தாள்ல எழுதினாரு. ஆளுக்கு ஒரு உறை. காலி ஓட்டுப்பெட்டிக்குள்ள போட்டு ஆட்டினாரு. கூரையைப் பாத்துக்கிட்டே கையை விட்டு ஒண்ணை எடுத்தாரு.

ஐலீன்: உன் பேரு.

நார்மன்: என் பேரு.

ஐலீன்: அய்யோ... பன்னெண்டு வருஷமா கவுன்சிலர்! கடைசியில சர்ச்சு விழாவுல கேக்குக்குக் குலுக்கல் போடுற மாதிரி...

நார்மன்: சிரிக்காத.

ஐலீன்: எப்படிச் சிரிக்காம இருக்கிறது? பஸ் ஓட்டுற பொண்ணு. முதல் தடவை நிக்கிறா. கட்சி கிடையாது, கொடி கிடையாது. வேலை முடிஞ்சு சைக்கிள்ல போய் வீடு வீடா நோட்டீஸ் போட்டா. உன்னைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள போட்டுக் குலுக்கிட்டாளே!

நார்மன்: நீ யாரு பக்கம்?

ஐலீன்: பதினேழாம் நம்பர் தோட்டத்துப் பக்கம். தெரிஞ்சுக்கிட்டே கேக்குற பாரு.

நார்மன்: ஆரம்பிச்சுட்டியா...

ஐலீன்: ஆரம்பிச்சது நானா? நாப்பத்தி மூணு பேர் நகர மன்றத்துக்கு வாடகை கட்டிக் காய்கறி போடுற நிலம். அதை வீடு கட்டுற கம்பெனிக்கு வித்துடலாம்னு ஆரம்பிச்சது உன் கட்சி. இருபத்தாறு வருஷமா நான் கிண்டுன மண்ணு அது.

நார்மன்: நூத்தி இருபது வீடு வருது ஐலீன். சின்ன வயசுக்காரங்க எல்லாம் வாடகை கட்ட முடியாம ஊரை விட்டுப் போறாங்க. அவங்க எங்க போவாங்க?

ஐலீன்: வீடு வரட்டும், நல்லா வரட்டும். மூடிக் கிடக்கிற தோல் ஆலை இருக்கே, அங்க கட்டட்டும்னுதானே ஜெம்மா கேட்டா? அங்க மண்ணைச் சுத்தம் பண்ணணும், கம்பெனிக்கு அது தலைவலி. அதான் எங்க வெங்காயத்து மேல கண்ணு.

நார்மன்: நாம போறமா, இல்ல இங்கயே குடியிருக்கப் போறமா?

ஐலீன்: எடுத்தாச்சு. பெல்ட்டைப் போடு. மத்த வார்டு எல்லாம் முடிஞ்சுதா?

நார்மன்: முடிஞ்சுது. எங்க கட்சி இருபத்தொண்ணு. மத்தவங்க எல்லாம் சேந்து இருபது.

ஐலீன்: அப்போ அடுத்த மாசம் தோட்ட நிலம் மன்றத்துல ஓட்டுக்கு வரும்போது...

நார்மன்: தெரியும்.

ஐலீன்: உன் ஒத்தைக் கை எந்தப் பக்கம் போகுதோ...

நார்மன்: தெரியும்னு சொன்னேன்ல. கட்சித் தலைவர் ஹால்லயே வந்து முதுகுல தட்டிட்டாரு. "ஒரு கை கூடக் குறையக் கூடாது நார்மன்"ன்னாரு.

ஐலீன்: தட்டினாரா, தள்ளினாரா?

நார்மன்: ...ரெண்டுந்தான்.

ஐலீன்: நீயும் தலையை ஆட்டிட்டு வந்திருப்ப. உன் தேர்தல் நோட்டீஸ்ல என் படத்தைப் போட்டப்பவே உன்னை வீட்டுக்கு வெளிய வச்சுக் கதவைச் சாத்தியிருக்கணும்.

நார்மன்: படம் நல்லாத்தானே இருந்துச்சு?

ஐலீன்: என் தோட்டத்துல, நான் வளத்த ரூபார்ப் தண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் நிக்கிறேன். கீழ, "உங்கள் மண்ணின் மைந்தர் நார்மன் டெட்லோ"! வித்துடப் போற மண்ணுல நின்னு மண்ணின் மைந்தர்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

நார்மன்: அச்சுக்கு நேரமாயிடுச்சு...

ஐலீன்: பக்கத்துத் தோட்டத்துக்காரங்க மூணு வாரம் என் முகத்தைப் பாக்கல. நான் போனா கொட்டகைக்குள்ள போய் நின்னுக்குவாங்க. அங்க பாத்தி வச்சிருக்கிற ஜெம்மா ஒருத்திதான் வழக்கம் போல அவ தண்ணி டிரம்மைத் திறந்து விட்டா. "உங்களைக் கேட்டுட்டா படத்தைப் போட்டிருப்பாங்க?"ன்னா.

நார்மன்: மன்னிப்புதான் கேட்டேனே.

ஐலீன்: முட்டையைப் பொரிச்சுக்கிட்டே கேட்ட. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. என்ன ஜன்னலையே பாத்துக்கிட்டு வர்ற? வேற என்னமோ இருக்கு. சந்தேகச் சீட்டு எத்தனை வந்துச்சு?

நார்மன்: ஏன் கேக்குற?

ஐலீன்: சமமா வந்தா யாரா இருந்தாலும் அதைத்தான் கேப்பாங்க. தனியா எடுத்து வச்சு, உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒண்ணொண்ணா காட்டியிருப்பாங்களே.

நார்மன்: ஆறு.

ஐலீன்: சொல்லு.

நார்மன்: ஒண்ணு வெறும் சீட்டு. ரெண்டு பேரு எங்க ரெண்டு பேருக்குமே குறி போட்டிருந்தாங்க. ஒருத்தன் குறுக்கால, "எல்லாரும் திருடங்க"ன்னு எழுதியிருந்தான்.

ஐலீன்: பிழை இல்லாமலா?

நார்மன்: அழகான எழுத்து. அஞ்சாவது ஆளு, குறி போடுற என் கட்டத்துல சிரிக்கிற மூஞ்சி வரைஞ்சு வச்சிருந்தான். அது செல்லும்னுட்டாரு அதிகாரி. உங்களைப் பாத்துச் சிரிக்குது, அப்போ உங்களுக்குத்தான்னாரு.

ஐலீன்: உன்னைப் பாத்துச் சிரிச்சுதா, உன்னை நினைச்சுச் சிரிச்சுதா?

நார்மன்: ஜெம்மாவே ஒத்துக்கிட்டா, உனக்கென்ன?

ஐலீன்: சரி. அஞ்சாச்சு. ஆறாவது?

நார்மன்: வெள்ளிக்கிழமையாச்சே... மீனும் சிப்ஸும் வாங்கிட்டுப் போயிடலாமா?

ஐலீன்: ஆறாவது.

நார்மன்: சொல்லக் கூடாது. ஹாலுக்குள்ள பாத்த சீட்டைப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னு ஒரு தாளைக் கையில குடுத்துத்தான் உள்ளயே விட்டாங்க.

ஐலீன்: அஞ்சைப் பத்திப் பேசினப்ப அந்தத் தாளு எங்க போச்சு?

நார்மன்: அந்த அஞ்சுலயும் யாரு போட்டதுன்னு தெரியாது.

ஐலீன்: ஓ. ஆறாவதுல தெரியுமா? சொல்லாத. தலையை மட்டும் ஆட்டு.

நார்மன்: ஜெம்மா பேருக்கு நேரா குறி. சுத்தமான குறி. அதுக்குக் கீழ கையெழுத்து. ஆளு யாருன்னு தெரியுற மாதிரி எதை எழுதினாலும் சீட்டு செல்லாது. செல்லலை.

ஐலீன்: முழுப் பேரா?

நார்மன்: முழுப் பேரு. நடுப் பேரைக்கூட விடலை.

ஐலீன்: அந்த ஒண்ணு செல்லியிருந்தா...

நார்மன்: அவளுக்கு ஐந்நூத்தி எண்பத்தி எட்டு. குலுக்கல் கிடையாது. நான் வீட்டுல உக்காந்திருக்க வேண்டியதுதான்.

ஐலீன்: ஜெம்மாவும் அதைப் பாத்தாளா?

நார்மன்: பக்கத்துலதானே நின்னா? படிச்சா. என் முகத்தை ஒரு தடவை பாத்தா. சண்டை போடுவான்னு நினைச்சேன். அது செல்லும்னு வாதாடியிருக்கலாம், அவளுக்கு அந்த உரிமை இருக்கு. ஒரு வார்த்தை பேசலை. தண்ணி குடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

ஐலீன்: நல்ல பொண்ணு.

நார்மன்: அதிகாரி ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்குக் காதெல்லாம் சூடா... பாவம், செல்லாதுன்னு தெரியாம போட்டுட்டாங்க போலன்னு நானே சொல்லி வச்சேன்.

ஐலீன்: "பாவம்"னா சொன்ன?

நார்மன்: வேற என்ன சொல்லச் சொல்ற? ...ஏன் இங்க நிறுத்துற? வீடு அந்தப் பக்கம்.

ஐலீன்: எனக்கு எங்க வேணுமோ அங்க நிறுத்துவேன். தோட்டத்து கேட்டுதானே? நாப்பத்தி மூணு பேருக்கும் சேதி தெரியாம இருக்காது. பாரு, ஒருத்தர்கூட வீட்டுக்குப் போகலை. எல்லாரும் மம்பட்டியோட நிக்கிறாங்க.

நார்மன்: என்னை அடிக்கவா?

ஐலீன்: உருளைக்கிழங்கு நட. இது மே மாசம். நிலம் அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ, நடாம விடப் போறதில்ல. புல்டோசர் வந்தாலும் நாங்க வரிசை பிடிச்சுக் களை எடுத்துக்கிட்டுத்தான் இருப்போம். ஓட்டுறவன் இறங்கி வந்து தள்ளிக்கச் சொல்லட்டும், பாக்கலாம்.

நார்மன்: "நாங்க"ங்கிற.

ஐலீன்: பின்ன? ...கேளேன். ஹால்ல இருந்து தொண்டையில வச்சுக்கிட்டே வர்ற. கேட்டுத் தொலை.

நார்மன்: கேக்கக் கூடாது.

ஐலீன்: சட்டம் உனக்குத்தான். ஓட்டுப் போட்டவ வாய்க்குப் பூட்டு கிடையாது. ஐலீன் ரோஸ் டெட்லோ. கீழ ஒரு கோடு. சரியா?

நார்மன்: ...ரெண்டு கோடு.

ஐலீன்: ரெண்டா? அவ்வளவு கோவத்துலயா இருந்தேன்!

நார்மன்: ஏன் ஐலீன்? எனக்கு எதிரா போடணும்னா போட்டுட்டுப் போயேன், யாருக்குத் தெரியப் போகுது? நான் தேர்தல்ல நிக்கிறதுக்கு முன்னாடி ஒன்பது தடவை இதே ஹால்ல மேசையில உக்காந்து சீட்டு எண்ணினவ நீ. பேரு போட்டா செல்லாதுன்னு உனக்கா தெரியாது? கோவத்துல மறந்துட்டியா?

ஐலீன்: மறக்கலை. பேரு இல்லாம போட்டிருந்தா ஐந்நூத்திச் சொச்சத்துல ஒண்ணா கட்டுக்குள்ள போயிருக்கும். எவனோ விவரம் இல்லாதவன்னு நினைச்சுக்கிட்டு நீயும் நிம்மதியா வந்திருப்ப. பேரு போட்டாத்தான் தனியா எடுத்து உன் மூக்குக்கு நேரா நீட்டுவாங்க. நீ படிக்கணும்னு போட்டேன். இந்தத் தடவை செல்லக் கூடாதுன்னும்தான் போட்டேன். அடுத்த மாசம் கையை எந்தப் பக்கம் வேணா தூக்கு, உன் இஷ்டம். ஆனா நாலு வருஷம் கழிச்சு வர்ற தேர்தல்ல என் சீட்டுல பேரு இருக்காது, நார்மன்.