காடைச் சிறகு

கோழிப்பண்ணையில் காவலுக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு முட்டையைக்கூடக் கீழே போட்டதில்லை. மனுவில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலய்யா. காரியாபட்டி ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தொண்ணூற்றொன்றில் பண்ணைக்கு ராஜகுரு என்று ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். இரண்டு நாள் சூட்டில் இருந்த கோழிமுட்டையின் ஓட்டில் ஜன்னல் மாதிரி வெட்டுவார். உள்ளே நெல் அளவு கரு. அதில் ஒரு துளியைக் கிள்ளி எடுத்துவிட்டு, காடைமுட்டைக் கருவில் கிள்ளிய துளியை அந்த இடத்தில் வைத்து ஒட்டுவார். எந்தத் துளி வளர்ந்து எந்த உறுப்பாகிறது என்று பார்க்கிறாராம். வெள்ளைக் குஞ்சு ஒன்று பொரிந்தது. ஒரு சிறகு மட்டும் காடை நிறம்.

நாற்பதாம் நாள் அந்தச் சிறகு தொங்கிப்போய்க் குஞ்சு செத்தது.

"வெளித்துளிய ஒடம்பு ஏத்துக்கலை பெரியவரே" என்றார், நோட்டில் எழுதிக்கொண்டே.

அவருக்குக் கண்ணாடித் தட்டு கழுவிக் கொடுத்தவள் என் மருமகள் தங்கச்செல்வி. அப்போது மாசமாக இருந்தாள். பேரன் பிறந்தான். குளிப்பாட்டும்போது பார்த்தேன், இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம்.

"ஒங்க மகனுக்கும்தான் இருந்துச்சு. என்னைக்குத் தூக்கிப் பாத்தீக?" என்றாள் என் வீட்டுக்காரி குருவம்மாள். அவள் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பேரன் பிறந்த முப்பத்தெட்டாம் நாள் ராஜகுருவிடம் போனேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"வச்சத எடுத்துருங்க சார். பிள்ளைக்கு இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கு."

சிரித்தார். "பேரனையும் முட்டைன்னு நெனச்சீகளா? அது நம்ம ஊருப் பிள்ளைகளுக்கு இருக்கிறதுதான். ஓடியாடித் திரியையில தானா மறைஞ்சிரும், போங்க."

எங்கள் ஊரில் போர்வெல் போட்டால் தண்ணீர் பீறிடும் என்று சொன்ன படித்தவனும் இப்படித்தான் சிரித்தான். இன்றைக்கும் அங்கே புழுதிதான்.

அவர் மறுபடி முட்டைமேல் குனிந்தார். ஜன்னலை ஒட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன். முட்டை என்ன பாவம் செய்தது? பிறகு கதவோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துப் பிடரியில் ஒரே அடி. அன்றைக்கும் ஒரு முட்டை உடையவில்லை.

பேரன் நாற்பதாம் நாளைத் தாண்டினான். இப்போது மூன்று வயது. போன மாதம் என் மகன் முத்துமணி அவனை ஜெயிலுக்குத் தூக்கிவந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் சட்டையை உயர்த்திக் காட்டினான். நீலம் சுத்தமாக இல்லை.

"பாத்தீகளாய்யா, அந்த சாரு சொன்னபடியே போயிருச்சே" என்று அழுதான்.

போகாமல்? வைத்தவனை அனுப்பிவிட்டேனே. அதற்கு இன்றுவரை வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.